பாடகர் குழாமுக்குச் சம்பளப் பாடகரைச் சேர்ப்பது எப்படி

திருகோணமலையில் உங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கின் பாடகர் குழாமில் நான்கைந்து பேர்தான் ஒழுங்காக வருகிறார்களா? அப்படியென்றால் சங்கீதம் முறையாகப் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஒன்றிரண்டு பயிற்சி பெற்ற பாடகர்களாவது இருக்க வேண்டும் என்று 1967ல் வந்த திருச்சபையின் இசை அறிவுறுத்தலே சொல்கிறது.

முதலில் பங்குத்தந்தையோடும் பங்குச் சபையோடும் பேசிக் காசை முடிவு செய்யுங்கள். திருப்பலிக்கு இவ்வளவு, ஒத்திகைக்கு இவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும், ஒத்திகைக்குக் காசு இல்லை என்றால் நல்ல பாடகர் நிலைக்க மாட்டார்.

ஆளை எங்கே தேடுவது? மட்டக்களப்பு கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள், விசாரியுங்கள். ஆனால் கர்நாடக சங்கீதம் படித்தவருக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, தானாக வரும், குழாமோடு சேர்ந்து பாடும்போது அதைக் குறைத்து நேர்ச்சுரமாகப் பிடிக்க முடிகிறதா என்று ஒரு பாட்டைப் பாடவைத்துக் கேளுங்கள். தனியாக அருமையாகப் பாடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்காதவர் வேண்டாம்.

அப்புறம், முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலின் வசனங்களை அவர் பாடட்டும், பல்லவி சபைக்குத்தான். சபை பாடும்போது அவர் மைக்கை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சனம் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடும், அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். சுருதியையும் சபைக்கு ஏற்ற மாதிரி இறக்கி வையுங்கள். பழைய அக்காமார், அண்ணாமாரை ஓரங்கட்டாமல், சம்பளப் பாடகரை அவருடைய குரல் வரிசையின் நடுவில் நிறுத்துங்கள். தவக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் பெரிய வாரப் பாடல்களுக்கு நேரம் போதும்.