நாளைய நற்செய்தியை இன்றிரவே வாசியுங்கள்

தினமும் விவிலியம் வாசிக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எங்கே தொடங்குவது என்பதில்தான் தயங்கி நிற்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். ஒவ்வொரு நாளுக்கும் வாசகங்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது. நாள்காட்டியில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் 'மாற் 10:46-52' (மாற்கு நற்செய்தி, 10ஆம் அதிகாரம், 46 முதல் 52 வரையுள்ள வசனங்கள்) என்பது போல இருக்குமே, அதுதான். திருவருகைக் காலம், தவக்காலம் போன்றவை தவிர்த்த, ஆண்டின் பொதுக்காலத்து வார நாள்களில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா என்று நற்செய்தி வரிசையாகப் போகும். அந்த நாள்களில் நற்செய்திக்கு முன் வரும் முதலாம் வாசகத்துக்கு ஈராண்டுச் சுற்று. ஞாயிறு வாசகங்களுக்கு மூன்றாண்டுச் சுற்று. நாம் வீட்டில் வாசிக்கும் பகுதியையே அன்று உரோமையிலும் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் திருப்பலியில் வாசிக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு இது பெரிய துணை.

நான் தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குக் கடையில் இருக்க வேண்டும். வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். என்னைப் போல வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: நாளைய நற்செய்தியை இன்றிரவே ஒரு முறை வாசித்துவிடுங்கள். விளக்கம் தேட வேண்டாம். எங்கே நடக்கிறது, யார் வருகிறார்கள், யார் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். படுத்த பிறகு தூங்குவதற்கு முன், ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம், மறுநாள் எழ வேண்டிய வேளையையும் செய்ய வேண்டிய தியானத்தையும் நினைத்துக்கொள்ளும்படி புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் சொல்கிறார். அந்த நேரம் எல்லாரிடமும் இருக்கிறது.

காலையில் அதே பகுதியை எழுந்து நின்று, வாய்விட்டு வாசியுங்கள். திருப்பலியில் நற்செய்திக்கு எழுந்து நிற்கிறோம். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் வரைகிறோம். வீட்டிலும் அப்படியே செய்யலாம். கைபேசியில் வாசிப்பதில் தவறில்லை. என்றாலும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை அச்சில் வைத்துக்கொள்வதே மேல் என்பேன். நடுவில் எந்தச் செய்தியும் வந்து கூப்பிடாது.

மேலே சொன்ன மாற் 10:46-52, பர்த்திமேயு என்பவரைப் பற்றிய பகுதி. அதையே எடுத்துக்கொள்வோம். எரிகோவை விட்டு இயேசு புறப்படுகிறார், கூடவே பெருங்கூட்டம். வழியோரத்தில் பார்வையற்ற ஒருவர் பிச்சையெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரக்கம் கேட்டுக் கத்துகிறார். கூட்டம் அதட்டுகிறது. அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். இந்த இடத்தில் நீங்களும் நில்லுங்கள். எருசலேமுக்குப் போகும் பயணம் அது, சிலுவை காத்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு குரலுக்காக நிற்கிறார். அதட்டிய கூட்டத்தையே அவரைக் கூப்பிட அனுப்புகிறார். பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுகிறார். ஏழையின் மேலுடையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவருக்கு வேறு போர்வை இல்லை என்கிறது விடுதலைப் பயண நூல். அந்தத் துணியைத்தான் எறிகிறார். பிறகு இயேசுவின் கேள்வி: உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்? பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்று எவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று கேட்கிறார்.

என்ன வேண்டும் என்று நாள் முழுவதும் கேட்பதுதான் கடையில் என் வேலை. ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டுகிறார்; ஒரு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை. விலையைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, ஐந்து நாளுக்கு மட்டும் போதும் என்கிறார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். வசனம் இறங்க வேண்டிய இடம் இதுதான். கையை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, "ஐயா, மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் கதை வெளியே வரும். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும்.

ஆகவே காலை வாசிப்பை முடிக்கும்போது, இந்த வசனம் இன்று யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பெயரைக் கடவுளிடம் கேளுங்கள். 'எல்லாரையும் அன்பு செய்வேன்' என்று முடித்தால் மாலைக்குள் அது கரைந்துவிடும். பேச்சை நிறுத்திவிட்ட கொழுந்தனார், பக்கத்து மேசைக்காரர், வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா என்று ஒருவர் இருக்கட்டும்.

பெயர் கிடைத்ததும் ஓடிவிடாமல் மன்றாடவும் வேண்டும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குயிகோ, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் மூழ்குதல் என்று நான்கு படிகளை வகுத்தார். அவசரத்தில் நாம் தாண்டிவிடுவது மூன்றாவது படியைத்தான். மறைநூல் வாசிப்போடு இறைவேண்டலும் சேர்ந்தால்தான் அது கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே உரையாடலாகும் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் சொல்லியிருக்கிறது.

வறண்ட வாசகங்களும் வரும். டிசம்பர் 17ஆம் தேதி மத்தேயு நற்செய்தியில் உள்ள இயேசுவின் தலைமுறைப் பட்டியல். மரியன்னையின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8க்கும் அதுவே குறிக்கப்பட்டிருக்கிறது. வெறும் பெயர்கள்தானே என்று தள்ளிவிடாதீர்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் அதற்குள் நிற்கிறார்கள். ஊர் ஏசக்கூடிய வாழ்க்கை அவர்களில் சிலருக்கு. அவர்கள் வழியாகத்தான் மீட்பர் வந்தார். நம் குடும்பத்தில் யாருடைய பெயரைச் சொல்லாமல் மறைக்கிறோமோ, அன்று அவருக்காக மன்றாடலாம். பொருள் பிடிபடாத பகுதி வந்தால் அடிக்குறிப்பைப் பாருங்கள், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். சொந்தமாக ஒரு விளக்கம் கட்டி, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் சொல்ல வேண்டாம்.

இரவில் செபமாலை முடிந்ததும், குடும்பத்தோடு மறுநாள் பகுதியை வாசிக்கலாம். எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இரண்டு முறை கேட்டுவிட்டு, மனதில் நின்ற ஒரு சொல்லை மட்டும் சொல்வார்கள். பெரும்பாலும் அதுவே எனக்கு மறுநாளைய வசனமாகிவிடும். பிள்ளைகளையும் வாசிக்க விடுங்கள். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். நெபுகத்னேசர் போன்ற பெயர்களை மட்டும் முன்கூட்டியே ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.