பேட்ச் ப்ராக்கில் ஸ்டெப்பைத் தவிர்ப்பதும் ஓடவிடுவதும்: காண்ட், இஃப் இரண்டையும் கையாளும் முறை

வேலூர், காட்பாடி வட்டாரக் கல்லூரிகளில் படித்து மெயின்பிரேம் என்னும் பெருங்கணினிகளின் பராமரிப்புப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள், அக்கணினிக்கு ஒரு பணியை (ஜாப்) எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஜேசிஎல் மொழியில் பெரிதும் தடுமாறும் இடம் காண்ட் என்னும் அளவுரு. ஜாப்பில் ஒரு நிரலை ஓட்டும் படியே ஸ்டெப்; மீண்டும் மீண்டும் அழைத்துப் பயன்படுத்த எழுதி வைத்த ஸ்டெப்களின் தொகுப்பே ப்ராக். காண்ட்டில் எழுதும் நிபந்தனை உண்மையானால் அந்த ஸ்டெப் ஓடாது, தவிர்க்கப்படும். ஓடுவதற்கான நிபந்தனை என்று எண்ணிப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

காண்ட்=(4,எல்டி,ஸ்டெப்10) என்பதை, "ஸ்டெப்10-இன் ரிட்டர்ன் கோடைவிட 4 சிறியதானால் தவிர்" என்று படிக்க வேண்டும். எல்டி என்பது 'விடச் சிறியது'; ரிட்டர்ன் கோடு என்பது ஸ்டெப் முடியும்போது தன் விளைவைச் சொல்லித் தரும் எண். நாம் தரும் எண் எப்போதும் இடப்பக்கம் நிற்கும், ரிட்டர்ன் கோடு வலப்பக்கம் வரும். எண் 0 முதல் 4095 வரை இருக்கலாம். ஒரே ஸ்டெப்பில் எட்டுச் சோதனைகள் வரை எழுதலாம். அவற்றுள் ஒன்று உண்மையானாலும் ஸ்டெப் தவிர்க்கப்படும். ஸ்டெப்பின் பெயரை விட்டுவிட்டு காண்ட்=(4,எல்டி) என எழுதினால், அதுவரை ஓடிய எல்லா ஸ்டெப்களும் சோதிக்கப்படும்.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வங்கி ஒன்றின் இரவுப் பணியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெப்10 வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு கிளைகளின் அன்றைய பரிவர்த்தனைகளை டிஎஃப்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் நிரலைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது. ஸ்டெப்20 அவற்றைக் கணக்குகளில் பதிகிறது. ஸ்டெப்30 இருப்பு அறிக்கையைத் தயாரிக்கிறது. ஸ்டெப்20-இல் காண்ட்=(4,எல்டி,ஸ்டெப்10) என்றும், ஸ்டெப்30-இல் காண்ட்=(4,எல்டி,ஸ்டெப்20) என்றும் இருக்கின்றன. பார்வைக்கு இது சரியான சங்கிலிதான். ஆனால் வரிசைப்படுத்தல் தோற்று ரிட்டர்ன் கோடு 16 வந்தால், ஸ்டெப்20 தவிர்க்கப்படும். தவிர்க்கப்பட்ட ஸ்டெப்புக்கு ரிட்டர்ன் கோடே கிடையாது என்பதால், அதைக் குறிக்கும் ஸ்டெப்30-இன் சோதனை புறக்கணிக்கப்பட்டு, அறிக்கை ஸ்டெப் தடையின்றி ஓடிவிடும். பதிவு நடக்காத கணக்குகளின் முந்தைய நாள் இருப்பு, இன்றைய இருப்பாக அச்சாகிக் கிளைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே நேர் முந்தைய ஸ்டெப்பை மட்டும் சோதிப்பது போதாது. அது சார்ந்திருக்கும் ஸ்டெப்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கோபால் மொழி நிரலை கம்பைல் செய்து (கோபால் ஸ்டெப்), இணைத்து (எல்கெட் ஸ்டெப்), ஓட்டுவதற்கு (கோ ஸ்டெப்) ஐபிஎம் தரும் ப்ராக்கான ஐஜிஒய்டபிள்யூசிஎல்ஜி இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் கோ ஸ்டெப்பில் காண்ட்=((8,எல்டி,கோபால்),(4,எல்டி,எல்கெட்)) என்று இருக்கிறது. கம்பைல் 12 தந்தால் எல்கெட் ஓடாது, அதைப் பற்றிய சோதனையும் செல்லாது. ஆனாலும் கம்பைலைப் பற்றிய முதல் சோதனை கோ ஸ்டெப்பை நிறுத்திவிடும்.

புதிதாக ப்ராக் எழுதுவோருக்கு என் பரிந்துரை இஃப், தென், எல்ஸ், எண்டிஃப் கூற்றுகள்தான். இஃப் (ஸ்டெப்20.ஆர்சி <= 4) தென் என்று எழுதினால், நிபந்தனை உண்மையாகும்போது அதன் கீழ் உள்ளவை ஓடும்; நாம் நினைக்கும் திசையிலேயே கூற்றும் நடக்கிறது. அதைவிட முக்கியமானது, ஸ்டெப்20 ஓடாமல் போயிருந்தால் இந்த நிபந்தனை பொய்யாகும், அறிக்கையும் ஓடாது. 15 அடுக்கு வரை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம் என்றாலும், மூன்று அடுக்கைத் தாண்டினால் நள்ளிரவில் ஜாப் நின்றுபோகும்போது படித்துப் புரிந்துகொள்வது கடினம். ஸ்டெப் பெயரின்றி ஆர்சி என்று மட்டும் எழுதினால், அதுவரை வந்த ரிட்டர்ன் கோடுகளில் மிகப் பெரியதை அது குறிக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஸ்டெப்புக்கு காண்ட்டும் இஃப்பும் இருந்தால், இரண்டில் எது தடுத்தாலும் ஸ்டெப் ஓடாது.

ஒரு ஸ்டெப் அபெண்ட் ஆனால், அதாவது பிழையால் இடையிலேயே முறிந்தால், அடுத்தவை வழக்கமாக ஓடுவதில்லை. அதன் பிறகும் ஓட வேண்டிய ஸ்டெப்புக்கு காண்ட்=ஈவன் என்றும், அபெண்ட் ஆனால் மட்டுமே ஓட வேண்டிய மீட்பு ஸ்டெப்புக்கு காண்ட்=ஒன்லி என்றும் எழுத வேண்டும். இஃப்பில் இதற்கு இஃப் (அபெண்ட்) தென் பயன்படும்.

ப்ராக்கை அழைக்கும்போது தனிக் கவனம் தேவை. அழைக்கும் எக்ஸெக் வரியில் காண்ட்.ஸ்டெப்30=(...) என்று எழுதினால் அந்த ஒரு ஸ்டெப்பின் நிபந்தனை மட்டும் மாறும். பெயர் சேர்க்காமல் காண்ட்=(...) என்று எழுதினாலோ, ப்ராக்கின் எல்லா ஸ்டெப்களுக்கும் அதுவே பொருந்தி, உள்ளே பார்த்துப் பார்த்து எழுதிய நிபந்தனைகளை நீக்கிவிடும். ப்ராக்குக்கு வெளியிலிருந்து அதன் உள் ஸ்டெப் ஒன்றைக் குறிக்க, அழைத்த ஸ்டெப்பின் பெயர், புள்ளி, உள் ஸ்டெப்பின் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும்.

ஜாப்பை ஓட்டாமல் சோதிக்கும் டைப்ரன்=ஸ்கேன், ஜேசிஎல்லை எழுதிய முறையில் உள்ள பிழையை மட்டுமே காட்டும்; நிபந்தனை சரியா என்று சொல்லாது. எனவே ப்ராக்கின் நகலில் ஒவ்வொரு நிரலுக்கும் பதிலாக ஐடிகேம்ஸ் என்னும் ஐபிஎம் பயன்பாட்டு நிரலை வைத்து, அதற்குக் கட்டளை தரும் சிஸ்இன்னில் செட் மேக்ஸ்சிசி=16 என்பது போன்ற கட்டளையால் வேண்டிய ரிட்டர்ன் கோடை வரவழைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 0, 4, 8, 16 ஆகிய நான்கையும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எவை ஓடின, எவை நின்றன என்று ஜாப் லாகில் சரிபார்க்கலாம். காண்ட்டால் நின்ற ஸ்டெப்புக்கு அங்கே ஐஇஎஃப்202ஐ என்னும் செய்தி இருக்கும்.