மாதம் 30 ஆயிரம் தருவதாகச் சொல்கிறார்களா? பணம் கட்டுமுன் செய்யவேண்டிய சோதனைகள்

போன மாதம் சித்தி ஒரு துண்டறிக்கையை நீட்டி, "இதுல போடலாமாப்பா, பாத்துச் சொல்லு" என்றார். வழவழப்பான தாள். மேலே லட்சுமி படம், கீழே கட்டம் கட்டிய வரி: ஒரு லட்சம் கட்டினால் பத்து மாதத்துக்கு மாதம் 30,000 ரூபாய். கொண்டுவந்து கொடுத்தவர் இருபது வருடப் பழக்கமுள்ள பக்கத்து வீட்டுக்காரர். அன்று சித்தியோடு உட்கார்ந்து நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு பேனாவும் போனும் இருந்தால் போதும்.

படி 1: தாளைத் திருப்பிக் கணக்குப் போடுங்கள்

சித்தியின் ஒரு லட்சத்தை வாங்கியவர் எந்தத் தொழிலும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்திலிருந்தே எடுத்து மாதம் 30,000 கொடுத்தால், மூன்று மாதம் கொடுத்த பிறகும் அவர் கையில் 10,000 மீதி இருக்கும். அந்த மூன்று மாதத்தில் சித்தி "பணம் டாண்ணு வருது" என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பார். இன்னும் இரண்டு பேர் கட்டியிருப்பார்கள். நான்காம் மாதம் சித்திக்கு வருவது அவர்களுடைய பணம். மோசடி முழுக்க இவ்வளவுதான். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லித் திரட்டியதும் இப்படித்தான். அதனால்தான் இதற்குப் பொன்சி திட்டம் என்று பெயர்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாதம் 30 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு லட்சத்தை எடுக்காமல் சுழலவிட்டால், ஓராண்டில் அது 23 லட்சத்தைத் தாண்டும். அவர் வீட்டு நகையை அடகு வைத்தாவது முதல் புரட்டிக்கொள்வார். சித்தியின் ஓய்வூதியப் பணத்தைத் தேடி வரவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட அதிகபட்சம் 12.5 சதவீதம்தான் வட்டி தரலாம். அது ஆண்டுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு துண்டறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள்.

"சரி, கொஞ்சமா போட்டுப் பாக்கலாமே" என்று சித்தி கேட்டார். பலரும் கேட்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் சில மாதம் பணம் வருவதும் இந்த மோசடியில் ஒரு பகுதி. அதை நம்பித்தான் மக்கள் இரண்டாவது முறை நிலத்தை விற்றுக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

படி 2: "இந்தப் பொருளை யார் வாங்குகிறார்கள்?" என்று கேளுங்கள்

பெருந்துறை ஈமு கோழி மோசடியை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஈமு குஞ்சும் தீவனமும் தருகிறோம், வளர்ப்பதற்கு மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். கொட்டகையில் பறவை உயிரோடு நிற்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் ஈமு இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ இங்கே அந்த அளவுக்குச் சந்தை இல்லை. குஞ்சு போய்ச் சேர்ந்தது புதிதாகப் பணம் கட்டிய அடுத்த விவசாயியிடம்தான். 2012-இல் புதுப் பணம் நின்றதும் எல்லாம் நின்றது. தீவனம் இல்லாமல் பறவைகள் சாகத் தொடங்கி, கடைசியில் அரசு தீவனம் போடவேண்டி வந்தது.

தங்க வியாபாரம், தேக்கு மரம், கிரிப்டோ, ரியல் எஸ்டேட் என்று எதைச் சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். என்ன விலைக்கு வாங்கி, யாரிடம், என்ன விலைக்கு விற்கிறீர்கள்? "அது கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

படி 3: சுவரில் மாட்டிய சான்றிதழைப் படியுங்கள்

அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி எண், கம்பெனி பதிவுச் சான்று, சிறுதொழில் பதிவுச் சான்று: பெரும்பாலும் இவைதான் இருக்கும். மூன்றுமே அசலாக இருக்கலாம். ஆனால் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க இவற்றில் ஒன்றுகூட அனுமதி ஆகாது. முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். அதற்கு எழுதிய கையெழுத்தைத் தாண்டி மதிப்பில்லை.

டெபாசிட் என்றால், ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்கு டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் டெபாசிட் வாங்க அனுமதி கிடையாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தக் குறிப்பிட்ட சீட்டின் பதிவு விவரத்தைக் கேட்டு வாங்கி, பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் சரிபாருங்கள். பங்குச்சந்தை ஆலோசனை என்றால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் தளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். அடுத்தவருடைய எண்ணைத் திருடிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் துண்டறிக்கையில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, செபி தளத்தில் உள்ள தொடர்பு விவரத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

படி 4: ஆளை விட்டுத் திட்டத்தைப் பாருங்கள்

சித்திக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "அவரு பொய் சொல்ற ஆளு இல்லப்பா." உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வந்துகொண்டிருக்கிறது, நம்புகிறார். ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகக் காவல்துறை சொல்கிறது. இவ்வளவு பேரை விளம்பரம் மட்டும் சேர்த்திருக்க முடியாது. இப்படிப்பட்ட திட்டங்களில் சொந்தக்காரர், சக ஊழியர், பக்கத்து வீடு என்று ஒருவர் கையைப் பிடித்துத்தான் அடுத்தவர் உள்ளே போகிறார். 2019-இல் வந்த மத்தியச் சட்டப்படி, அனுமதியில்லாத டெபாசிட் திட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் குற்றம். கமிஷனுக்காகச் சேர்த்துவிடும் நண்பர் இருந்தால் இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

படி 5: போனில் வருவதற்கும் இதே கண்தான்

வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை அவர்களே தட்டச்சு செய்கிறார்கள். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். அதுதான் கடைசி அடையாளம். பணம் போகும் கணக்கு சம்பந்தமே இல்லாத ஒரு தனிநபர் பெயரிலோ ஏதோ டிரேடர்ஸ் பெயரிலோ இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. விடியட்டும் என்று இருக்காதீர்கள். நிறுவனத்தில் கட்டியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிட்டுத் தர வழி இருக்கிறது. பல வருடம் ஆகும், முழுத் தொகையும் வராமல் போகலாம். ஆனால் புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள், ஏமாற்றியவர்தான் வெட்கப்படவேண்டும். "பீஸ் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன்" என்று வருகிறவரையும் நம்பாதீர்கள்.

அப்புறம், ரசீதையும் பத்திரத்தையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். "புதுப்பித்துத் தருகிறோம், அசலைக் கொடுங்கள்" என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பத்திரத்தை அப்படிக் கொடுக்கத்தான் பையில் போட்டு வைத்திருந்தார். நாங்கள் கூப்பிட்டுச் சொன்னதும், அதை எடுத்துச் சித்தி வீட்டு மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.