மூழ்கிய துறைமுகத்தில் பழைய கடல்மட்டத்தைக் கணிப்பது எப்படி?

கடலுக்கடியில் ஒரு சுவர் தென்பட்டால் போதும், ‘கடல் கொண்ட நகரம்’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். தூத்துக்குடியில் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுவதை, அளந்தே தலை நரைத்த எனக்கு இது பொறுப்பதில்லை. கடல் எவ்வளவு ஏறியது என்று சுவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கொரு முறை உண்டு.

ஆழத்தைக் குறிக்கும்போதே தேதியையும் மணியையும் குறித்துவிடுங்கள். வற்றத்தில் அளந்ததும் ஏற்றத்தில் அளந்ததும் ஒன்றாகாது. மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் அரை மீட்டர்கூட வித்தியாசம் வராது. குஜராத்தின் பாவ்நகரிலோ அது 10 மீட்டரை நெருங்கும். பக்கத்துத் துறைமுகத்தின் ஓதப் பதிவை வாங்கி, எல்லா அளவுகளையும் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டியவன் அந்தக் கல்லை நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே வைத்தான் என்று பாருங்கள். அலைத்தடுப்புச் சுவரின் அடிக்கல் அன்றைக்கே ஆழத்தில்தான் கிடந்தது. அதை அளந்து பயனில்லை. கப்பலைக் கயிற்றால் கட்டிவைத்த துளைக்கல், துறைமேடையின் மேற்பரப்பு போன்றவை உதவும். இவற்றைவிட எனக்குப் பிடித்தவை, இத்தாலியின் மேற்குக் கரையில் ரோமானியர்கள் பாறையைக் குடைந்து அமைத்த மீன் தொட்டிகள். நீர் வந்துபோக வேண்டும், மீன் தப்பக்கூடாது, சுற்றிவரும் நடைமேடை நனையக்கூடாது. ஆகவே மதகும் மேடையும் அன்றைய நீர்மட்டத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். அப்படியும் வழக்கு தீரவில்லை. 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 1.35 மீட்டர் தாழ்ந்திருந்தது என்று 2004-இல் ஒரு குழு கணித்தது. அரை மீட்டர் அளவுதான் என்று 2012-இல் இன்னொரு குழு மறுத்தது. எந்த விளிம்பு எதற்காக வெட்டப்பட்டது என்பதில்தான் சண்டை. அதனால் எண்ணை மட்டும் எழுதாமல், அளந்த விளிம்பைப் படமாகவும் வரைந்து வையுங்கள்.

பிறகு கல்லிலும் மரத்திலும் ஒட்டியிருக்கும் உயிர்களைத் தேடுங்கள். கொட்டலசு (கல்லில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்) போன்றவை நீர்மட்டத்தையொட்டி ஒரு குறிப்பிட்ட பட்டையில் அடர்ந்து வளரும். அந்தப் பட்டையின் மேல்விளிம்பு நல்ல அளவுகோல். பிரான்சின் மார்செய் நகரின் பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, மரத்தூண்களில் எஞ்சியிருந்த இத்தகைய ஓடுகள்தான் கணக்குக்கு உதவின.

இதற்கு மேல்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடல் மட்டுமல்ல, தரையும் ஏறி இறங்கும். நேப்பிள்ஸ் அருகே பொசுவோலியில் ரோமானியச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் ஆளுயரத்துக்கு வெகு மேலே, கல்லைத் துளைத்து வாழும் சிப்பிகளின் ஓட்டைகள். அதற்குக் கீழே தூண் வழவழப்பாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பகுதி மண்ணில் புதைந்திருந்தது. எரிமலைத் தரை இறங்கித் தூண்களை நீருக்குள் கொண்டுபோய், மறுபடி மேலே தூக்கியிருக்கிறது. 1982–84-இல்கூடத் தரை சுமார் 1.8 மீட்டர் எழும்பி, அங்குள்ள துறைமுகம் படகுகளுக்கு ஆழம் போதாமல் திண்டாடியது. கிரீட் தீவின் ஃபலசர்னா துறைமுகம் நிலநடுக்கத்தால் 6 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, இன்று வறண்ட நிலத்தில் கிடக்கிறது. நம் கொற்கையும் கடலைவிட்டு 6, 7 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது; அதற்கு முதன்மைக் காரணம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

பனியுகப் பனி உருகி ஏறிய கடல் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிதும் வேகம் குறைந்துவிட்டது. எனவே 2000 ஆண்டுப் பழமையான துறைமேடை 5 மீட்டர் ஆழத்தில் கிடந்தால், முதலில் தரையைச் சந்தேகியுங்கள். ஒரே இடத்தோடு நிற்காமல் கரையோரமாக நூறு கிலோமீட்டருக்கு மற்றத் துறைகளையும் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் கடல் ஏறியதற்கு வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இடத்துத் தரைதான் இறங்கியிருக்கும்.

காலக்கணிப்புக்குச் சிப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், கடல்நீருக்கான திருத்தம் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கடல் உயிர்களின் கார்பன் வயது உண்மையைவிடச் சுமார் 400 ஆண்டுகள் கூடுதலாகவே காட்டும். அதே அடுக்கில் பானை ஓடோ நாணயமோ கிடைத்தால் அதன் காலத்தோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.