சின்ன புள்ளைங்க இருக்குற வீட்ல கிறிஸ்மஸ்: மூணு வேலை போதும், வருஷா வருஷம் அதையே பண்ணுங்க

டிசம்பர் வந்ததும் ரீல்ஸ் பாத்துட்டு இத பண்ணணும் அத பண்ணணும்னு பெரிய லிஸ்ட் போடுறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அதுல மூணு போதும். சின்ன புள்ளைக்கு புதுசு புதுசா வேணும்னு நாமதான் நெனைக்கிறோம், அதுக்கு போன வருஷம் செஞ்சதையே திரும்ப செய்றதுலதான் குஷி. எதை எடுத்தாலும் புள்ளை கைல ஒரு வேலை இருக்கணும், சும்மா வேடிக்கை பாக்க உக்கார வச்சா கொஞ்ச நேரத்துல கார்ட்டூன் போடச் சொல்லும்.

என்னைக் கேட்டா குடில்ல ஆரம்பிங்க, அதாவது இயேசு பொறந்த மாட்டுத் தொழுவத்த வீட்ல செட் பண்ணி வைக்கிறது. 1223-ல இத்தாலில கிரெச்சோங்கற ஊர்ல புனிதர் அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, கழுதையெல்லாம் கொண்டு வந்து நிறுத்தி குடில் வச்சாருன்னு சொல்லிப் பாருங்க, "நம்ம வீட்லயும் நிஜ மாடு வைக்கலாமா"ன்னு கண்டிப்பா கேள்வி வரும். மாட்டுக்குப் பதிலா நிஜ புல்லு வைக்கலாம். டிசம்பர் 12, 13 வாக்குல ஒரு கைப்பிடி கேழ்வரகு ராத்திரி ஊறப்போட்டு, காலைல ஒரு தட்டுல மண்ணு பரப்பி தூவி விடுங்க, ரெண்டு வேளை தண்ணி தெளிக்கிறது புள்ளையோட வேலை. ரெண்டு மூணு நாள்ல முளை விட்டுரும், 24-ம் தேதிக்கெல்லாம் பச்சைப்பசேல்னு நிக்கும். தண்ணிய ஊத்த விடாதீங்க, அழுகிடும், கைய நனைச்சு தெளிக்கணும்.

குடில்ல சொரூபம் (சின்ன சிலைங்க) வைக்கிறப்போ குழந்தை இயேசுவ மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சிருங்க, 24 ராத்திரி வீட்லயே கடைசிக்குட்டி யாரோ அவங்கதான் வைக்கணும். (இதுக்கு அண்ணங்காரன் சண்டை போடுவான், அவனுக்கு ஸ்டார் லைட் சுவிட்ச் போடுற உரிமைய குடுத்துருங்க.) குழந்தை இயேசுவ பாக்க வந்த மூணு ராஜாக்களையும் உடனே குடில்ல வைக்காம டிவி ஸ்டாண்ட்ல நிறுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகத்திட்டே வந்து அவங்க திருநாளான ஜனவரி 6-க்கு கொண்டு சேருங்க. அஞ்சு பைசா செலவில்லாம பண்டிகை ரெண்டு வாரம் நீளும்.

அடுத்தது பலகாரம். அச்சு முறுக்குக்கு புள்ளைய அடுப்பு பக்கமே விடாதீங்க, எண்ணெய்க்குள்ள அச்ச முக்கி எடுக்குற வேலை அது. முந்திரிக்கொத்து தான் இவங்களுக்கு சரி. பாசிப்பயறு வறுத்து திரிச்ச மாவு, தேங்காய், எள்ளு, ஏலக்காய் எல்லாத்தையும் வெல்லப்பாகுல கிளறுறது நம்ம வேலை, சூடு கை பொறுக்குற அளவுக்கு இறங்கினதும் உருட்டுறது அவங்க வேலை, ரொம்ப ஆற விட்டா உருண்டை பிடிக்க வராது. மூணு மூணா ஒட்டி மாவுல முக்கி பொரிக்கிறத நாம பாத்துக்கலாம். கோணலா வந்த உருண்டைய அழகாக்குறேன்னு திரும்ப உருட்டாதீங்க, அது அவங்க கண்ணுல படும்.

மூணாவது, பக்கத்து வீட்டுக்கு பலகாரத் தட்டு எடுத்துட்டுப் போறது. அதுக்கும் புள்ளைதான் போகட்டும். தீபாவளிக்கு நமக்கு பலகாரம் வந்த வீடு ஒண்ணு விடாம போகணும், முன்னாடி நாளே யார் யார் வீடுன்னு அதையே சொல்லச் சொல்லுங்க.

கிறிஸ்மஸ் தாத்தா விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. வீடு வீடா பாட்டுப் பாடிட்டு கேரல் ரவுண்ட்ஸ் வர்றவங்களோட வர்ற தாத்தாவ பாத்து பயந்து அழுற குழந்தைய போட்டோக்காக தூக்கி அவர் கைல குடுக்காதீங்க, "நல்ல புள்ளையா இருந்தாதான் கிஃப்ட்"னு மாசம் பூரா மிரட்டவும் வேணாம்.

அப்புறம் இந்த நடுராத்திரி பூசை. 24 மத்தியானம் தூங்க வைங்க, புது டிரஸ்ஸ கிளம்புறப்போ மட்டும் போடுங்க, ஒரு ஸ்வெட்டரும் பிஸ்கட்டும் பைல இருக்கட்டும். நம்ம வீட்ல ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்), மாமியார் வீட்ல சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), அங்க விடியக்காலை ஆராதனைன்னா ரெண்டுக்கும் இழுத்துட்டு ஓடாதீங்க, இந்த வருஷம் இது அடுத்த வருஷம் அதுன்னு நவம்பர்லயே பேசி முடிச்சிருங்க, 24-ம் தேதி சாயங்காலம் பேச உக்காந்தா சண்டைதான்.

குடில் பிரிக்கிறப்போ சொரூபத்தை பழைய பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டில போட்டு, யார் எதை வச்சாங்கன்னு ஒரு சீட்டு எழுதி மேல ஒட்டிருங்க, அடுத்த டிசம்பர்ல "போன தடவை நான்தான் வச்சேன்"னு பஞ்சாயத்து வந்தா அந்த சீட்ட காட்டிரலாம்.