ஃப்ளெட்சர் ஹாங்க்ஸ் காமிக்ஸ படிக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

மொத தப்பு, பாத்து சிரிச்சிட்டு மூடி வெச்சிடறது. ஹாங்க்ஸ்ங்கற அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் படைச்ச ஸ்டார்டஸ்ட்னு ஒரு சூப்பர் ஹீரோ, உடம்பு ஆலமரம் கணக்கா இருக்கும், தலை மட்டும் எலுமிச்சம்பழம் சைஸு, யார் பாத்தாலும் சிரிப்பு வரும், நானும் சிரிச்சேன். ஆனா ஸ்டார்டஸ்ட் வந்த வருஷத்த பாருங்க, 1939 கடைசி. சூப்பர்மேன் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது, சூப்பர் ஹீரோன்னா இப்படித்தான் இருக்கணும்னு எந்த சட்டமும் அப்போ கிடையாது, அதனால ஹாங்க்ஸ் தன் இஷ்டத்துக்கு வரைஞ்சு தள்ளிட்டார்.

அடுத்தது, கதைல சஸ்பென்ஸ் தேடறது. தேடாதீங்க, இல்ல. ஸ்டார்டஸ்ட் தோக்கவே மாட்டார். வில்லன பிடிக்கறது சட்டுனு முடிஞ்சிடும், அப்பறம் ஆரம்பிக்கும் பாருங்க தண்டனை, அதுக்குத்தான் மொத்த கதையும். டி ஸ்ட்ரக்டோனு ஒரு வில்லன், அவன் உடம்பையே சுருக்கி வெறும் தலையா ஆக்கி, விண்வெளில தலையில்லாம நிக்கற ஒரு ராட்சசன் கிட்ட தூக்கி போடறார், அந்த ராட்சசன் தலைய வாங்கி கழுத்துல வெச்சா அது அப்படியே உடம்புக்குள்ள இறங்கிடுது! யமலோகத்துல எண்ணெ கொப்பரைல போட்டு வறுக்கற படம் பாத்திருப்பீங்கல்ல, அது கூட இதுக்கு முன்னாடி கொஞ்சம் சாதுதான். அந்த படக் கட்டத்துல நின்னு பாக்கணும், அவசரப்படக்கூடாது.

அதே மாதிரி மொத்தமா ஒரே ராத்திரில முடிக்கவும் பாக்காதீங்க. ஹாங்க்ஸ் பண்ணது மொத்தம் 51 கதை, 1939ல இருந்து 1941க்குள்ள போட்டது, நாலாவது கதைக்கு மேல எல்லாம் ஒண்ணு போல தெரிய ஆரம்பிச்சிடும்.

"வரையவே தெரியாத ஆளு"ன்னு சொல்றது இன்னொரு அபத்தம். தபால் வழியா கார்ட்டூன் கோர்ஸ் முடிச்சவர் அவர். அப்ப மத்தவங்க ஸ்டுடியோல ஒருத்தர் பென்சில்ல வரையறது, ஒருத்தர் அது மேல இங்க் போடறதுன்னு பிரிச்சு வேலை பாத்தாங்க, அதுவும் முக்காவாசி இருபது வயசு பசங்க, இவரு 1889ல பொறந்தவர், அம்பது வயசுல கதை, படம், இங்க், எழுத்து எல்லாத்தையும் ஒத்த ஆளா பண்ணார். ஃபேன்டோமாவ பாருங்க, 1940ல வந்த காட்டு தேவதை, கோவம் வந்தா அழகான மூஞ்சி மண்டையோடா மாறிடும், பொன்னிற முடி மட்டும் கலையாம அப்படியே இருக்கும். அந்த முடிய விட்டு வெச்சதுதான் பயமே. இத தெரியாம வரைஞ்சார்னு நான் நம்ப மாட்டேன். ஃபேன்டோமா தொடர்ல பார்க்லே ஃப்ளாக்னு பேர் போட்டிருப்பார், ஹாங்க்ஸ்னு மட்டும் தேடினா கைக்கு கிடைக்காது.

கடைசியா, குடிகார மேதை பாவம்னு உருகறது. 1930ல பொண்டாட்டி பிள்ளைங்கள விட்டுட்டு போனவர் அவர், வீட்ல இருந்தப்பவும் அடி உதைதான். 1976ல நியூயார்க்ல ஒரு பார்க் பெஞ்சுல குளிர்ல விறைச்சு செத்து கிடந்தார். பல வருஷம் கழிச்சு பால் கரேசிக்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் அதே பேர்ல ஒருத்தர கண்டுபிடிச்சு, ஓவியர்தான் கிடைச்சிட்டார்னு நெனச்சு பாத்தா அது மகன், ரெண்டாம் உலகப்போர்ல இமயமலைய தாண்டி சீனாவுக்கு சரக்கு விமானம் ஓட்டினவர். அந்த மகன் அப்பாவ பத்தி சொன்னத கரேசிக்கே படமா வரைஞ்சு, 2007ல வந்த ஹாங்க்ஸ் கதைங்களோட தொகுப்புல கடைசில வெச்சிருக்கார். கதைங்கள படிச்சிட்டு அப்பறமா அதுக்கு வாங்க, முன்னாடியே படிச்சா ஒவ்வொரு தண்டனைலயும் அந்த வீடுதான் தெரியும்.