சென்னை - பாரிஸ்: ஒரு சீட்டுக்கு எவ்வளவு எரிபொருள்? நீங்களே கணக்குப் போடலாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாரிசில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. எந்தப் பேச்சும் கடைசியில் டிக்கெட் விலையில்தான் வந்து நிற்கும். "பெரிய விமானம் விட்டா கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா, சின்னது விட்டாலா மாமா?" என்று பி.காம். படிக்கும் தங்கை மகன் கேட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

1. தூரம். விமானத் தூரம் காட்டும் கிரேட் சர்க்கிள் மேப்பர் இணையதளத்தில் பாருங்கள், சுமார் 8,000 கி.மீ. பயிற்சிக்கு 10 மணி நேரப் பறத்தல் என்று வைத்துக்கொள்வோம்.

2. விமானங்கள். பெரியதுக்குப் போயிங் 777-300 இ.ஆர்., சின்னதுக்குப் போயிங் 787-9. முன்னது மணிக்குச் சுமார் 7.5 டன் எரிக்கும், பின்னது 5.5 டன். 10 மணி நேரத்துக்கு 75 டன், 55 டன். எடை விவரங்களுக்கு வீடியோக்களில் வரும் பட்டியலை நம்பாதீர்கள். போயிங் இலவசமாகத் தரும் விமான நிலையத் திட்டமிடல் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள், அதுதான் என் சிபாரிசு.

3. டன்னை லிட்டராக்குதல். நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட இடம் இது. விமானம் எரிப்பதை எடையில் சொல்வார்கள். நம் ஊர் எண்ணெய் நிறுவனங்கள் விலையைக் கிலோ லிட்டருக்குச் சொல்லும், அதுவும் வெளிநாட்டு விமானங்களுக்கு டாலரில். நான் 75 டன் என்ற எண்ணை அப்படியே விலையால் பெருக்கிவிட்டேன். விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோதான். 75-ஐ 0.8-ஆல் வகுத்தால் 93.75 கிலோ லிட்டர். நான் விட்டது 18.75 கிலோ லிட்டர், ஒரு டேங்கர் லாரி அளவு!

அலகுக் குழப்பத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1983-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோனது. கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டதால் வந்த வினை. இரண்டு என்ஜினும் நின்ற நிலையில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறக்கினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். அதனால் கணக்கில் ஒவ்வொரு எண் வரிசையின் தலைப்பிலும் அலகை எழுதிவிட்டுத்தான் எண்ணைப் போடுங்கள்.

4. சீட்டால் வகுத்தல். இரு வகுப்பு அமைப்பில் போயிங் சொல்வது 777-க்கு 396 சீட், 787-9-க்கு 296. வகுத்தால் சீட்டுக்கு 189 கிலோ, 186 கிலோ. பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் அதே 777-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 264 சீட் வைத்திருக்கிறது. ஏர் பிரான்ஸ் ரியூனியன் போன்ற தீவுகளுக்கு 468 சீட் வைத்து ஓட்டியிருக்கிறது. இப்போது வகுத்துப் பாருங்கள்: 284 கிலோ, 160 கிலோ. (ஆள் கூடினால் எடை கூடி எரிபொருளும் சற்றுக் கூடும், தொடக்கத்துக்கு இது போதும்.) என்ஜினைவிட சீட் வரிசைதான் கணக்கைப் புரட்டுகிறது. 264 சீட்காரருக்கு நஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள், பிசினஸ் வகுப்பு டிக்கெட் பல மடங்கு விலை.

5. மற்ற செலவுகள். விமான வாடகை மாதக் கணக்கு, பறந்தாலும் நின்றாலும் கட்ட வேண்டும். பராமரிப்பு, பறந்த மணிக்கும் ஏறி இறங்கிய தடவைக்கும் சேர்த்து. ஐரோப்பிய வானில் பறக்கக் கட்டும் வான்வழிக் கட்டணத்தில், விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடையை டன்னில் எடுத்து 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுப்பார்கள். 777-இன் உச்ச எடை 351.5 டன், 787-9-க்கு 254. எடை 38 சதவீதம் கூடுதல் என்றாலும் கட்டணம் 18 சதவீதம்தான் கூடும். இதைக் கண்டுபிடித்தபோது தங்கை மகன் துள்ளிவிட்டான்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒரு வாசகர், பெங்களூரு - சான் பிரான்சிஸ்கோ 16 மணி நேரத்துக்கு 7.5-ஐ 16-ஆல் பெருக்கி அனுப்பியிருந்தார். அப்படிச் செய்யக்கூடாது. கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். ஒரு டன் அதிகம் ஏற்றினால் மணிக்கு அதில் 3, 4 சதவீதம் அதற்கே போகும். 10 மணி நேரத்துக்கு மேல் போகும் தடங்களுக்கு இதைக் கணக்கில் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.